வேலியே பயிரை மேய்ந்த கதை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

பெரியோர்களின் வாழ்க்கை வரலாற்றைப் படித்தால் எப்படி வாழ வேண்டும் என்பது விளங்கும். தீயோர் வரலாற்றைப் படிப்பதிலும் ஒரு பயன் உண்டு. ஒருவன் எந்த ஓட்டை வழியாக உள்ளே புகுந்தான் என்று தெரிந்தால்தானே அந்த ஓட்டையை அடைக்க முடியும்? அந்த எண்ணத்தோடுதான் இங்கிலாந்து நாட்டின் ஜானதன் வைல்டு என்பவனுடைய கதையை இங்கே எழுத முற்படுகிறேன். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் மாநகரில் அவன் பெயரை அறியாதார் இல்லை. பகலில் திருடர்களைப் பிடித்துக் கொடுத்தவன் அவன். அத்திருடர்களை ஆட்டிவைத்தவனும் அவனே. ஒரே மனிதன் இந்த இரண்டு வேடங்களையும் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் எங்ஙனம் போட முடிந்தது? இக்கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

காவலர் இல்லாத நகரம்

வைல்டைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அவன் வாழ்ந்த இலண்டனை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். அன்று அந்நகரில் சுமார் ஆறு இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். ஆனால் இன்று நாம் அறிந்த போலீசுத் துறை என்ற ஒன்று அங்கே இல்லை. வட்டாரத்துக்கு ஒருவர் இருவராக, ஊதியம் இன்றி, ஆண்டுக்கு ஒருவராக முறைவைத்துப் பணியாற்றிய கான்ஸ்டபிள்கள் இருந்தனர். இரவில் விளக்கும் தடியும் ஏந்திச் சுற்றிய காவல்காரர்கள் இருந்தனர். அவர்களில் முதியவர் பலர். அவ்வளவுதான். பொருளைப் பறிகொடுத்தவனே திருடனைத் தேடிப் பிடிக்க வேண்டும். வழக்கையும் தன் கைச்செலவில் நடத்த வேண்டும்.

1713ஆம் ஆண்டில் பிரான்சுடனான நீண்ட போர் முடிந்தது. படையிலிருந்து அனுப்பப்பட்ட வீரர்கள் வேலையின்றி நகரில் வந்து குவிந்தனர். தெருக்கொள்ளை பெருகியது. அந்தி சாய்ந்தபின் வண்டியில் போகிறவர்களும் அஞ்சினர். நடந்து போகிறவர்களும் அஞ்சினர்.

காவலுக்கு ஆள் இல்லாத அரசு என்ன செய்தது? தண்டனையைக் கடுமையாக்கியது, பரிசை உயர்த்தியது. கடையிலிருந்து ஐந்து ஷில்லிங் மதிப்புள்ள பொருளைத் திருடினாலே தூக்கு என்றானது. வழிப்பறிக்காரன் ஒருவனைப் பிடித்துக் கொடுத்து, அவன் குற்றவாளி என்று தீர்ப்பும் ஆகிவிட்டால், பிடித்தவருக்கு 40 பவுன் பரிசு என்று 1692ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. 40 பவுன் என்பது ஒரு கூலித் தொழிலாளி ஓராண்டு முழுவதும் உழைத்தாலும் கண்ணால் காண முடியாத தொகை. அதே சட்டத்தில் இன்னொரு வழியும் இருந்தது. கொள்ளைக்காரன் ஒருவன், தான் அகப்படும் முன்னரே வந்து, தன் கூட்டாளிகளில் இருவரையோ அதற்கு மேற்பட்டவரையோ காட்டிக்கொடுத்து, அவர்கள் தண்டிக்கப்பட்டால், அவனுக்கு மன்னிப்பு உண்டு.

நண்பர்கள் இந்த இடத்தில் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். பிடித்தவனுக்குப் பணம் எப்போது கிடைக்கும்? பிடித்தவுடன் அன்று, தீர்ப்பு குற்றவாளி என்று ஆனால் மட்டுமே. கூட்டாளிக்கு உயிர் எப்போது கிடைக்கும்? உண்மை சொன்னவுடன் அன்று. அவன் சொல்லால் பிறர் தண்டிக்கப்பட்டால் மட்டுமே. சாட்சியின் சொல்லுக்கு இங்ஙனம் ஒரு விலை வைக்கப்பட்டது. விலை வைத்த இடத்தில் வியாபாரி வராமல் இருப்பானா? வந்தான்.

பிறப்பும் இளமையும்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள வுல்வர்ஹாம்ப்டன் என்ற ஊரில், 1683ஆம் ஆண்டை ஒட்டி வைல்டு பிறந்தான். குடும்பம் ஏழைக் குடும்பம். தந்தை தச்சர். தாய் சந்தையில் கீரையும் பழமும் விற்றவர். ஊரில் இருந்த இலவசப் பள்ளியில் படித்து, எழுதவும் கணக்குப் பார்க்கவும் கற்றுக்கொண்டான். பின்னர் இடைவார்க்கும் காலணிக்கும் பூட்டும் பக்கிள் செய்யும் ஒருவரிடம் தொழில் பழகினான். மணம் செய்துகொண்டு ஒரு மகனுக்குத் தந்தையும் ஆனான். ஆனால் சிற்றூர் வாழ்வு அவனுக்குப் பிடிக்கவில்லை. மனைவியையும் குழந்தையையும் விட்டுவிட்டு இலண்டனுக்குப் போனான்.

நகரம் அவனை மாலையிட்டு வரவேற்கவில்லை. கடன் மேல் கடன் ஏறியது. 1710ஆம் ஆண்டில் கடனுக்காக உட் தெருச் சிறையில் அடைக்கப்பட்டான். இரண்டு ஆண்டுகள் அங்கே கழிந்தன.

சிறை தந்த கல்வி

அச்சிறையே அவனுக்குக் கல்லூரி ஆயிற்று எனலாம். பகலில் கடன்காரர்கள், இரவில் பிடித்துவரப்படும் திருடர்கள், கன்னம் வைப்போர், முடிச்சவிழ்ப்போர். யார் எந்தத் தெருவில் தொழில் செய்கிறான், திருடிய பொருளை யாரிடம் விற்கிறான், யாருக்கு யார் பகை என்பதெல்லாம் அவன் காதில் விழுந்தன. அவன் கேட்டான், மறக்காமல் மனத்தில் எழுதி வைத்துக்கொண்டான். சிறை அதிகாரிகளின் நம்பிக்கையையும் பெற்றான். இரவில் திருடர்களைப் பிடித்துவர வெளியே சென்று வரும் உரிமைகூட அவனுக்குக் கிடைத்தது. மேரி மில்லினர் என்ற பெண்ணின் நட்பும் அங்கேதான் ஏற்பட்டது. இலண்டனின் இருண்ட சந்துகளை அவள்தான் அவனுக்கு அறிமுகப்படுத்தினாள்.

1712ஆம் ஆண்டில், கடன்காரர்களை விடுவிக்கும் ஒரு சட்டத்தால் வெளியே வந்தான். அடுத்த ஆண்டு சார்லஸ் ஹிச்சன் என்பவருக்கு உதவியாளனாகச் சேர்ந்தான். ஹிச்சன் இலண்டன் நகரத் துணை மார்ஷல். அதாவது நகரின் ஒழுங்கைக் காக்க வேண்டிய அதிகாரி. அந்தப் பதவியை அவர் 700 பவுன் கொடுத்து விலைக்கு வாங்கியிருந்தார். விலைக்கு வாங்கிய பதவியில் போட்ட முதலை எடுக்க வேண்டாமா? திருடர்களிடமும் திருட்டுக் கொடுத்தவர்களிடமும் ஒருங்கே அவர் பணம் பறித்தார். அந்த வித்தையை அருகில் இருந்து கற்ற வைல்டு, விரைவில் தன் குருவையே மிஞ்சிவிட்டான். 1718ஆம் ஆண்டில் இருவரும் ஒருவரை ஒருவர் இழித்துச் சிறு நூல்கள் வெளியிடும் அளவுக்குப் பகை முற்றியது. அந்தப் போரில் வென்றவன் வைல்டே.

காணாமற்போன பொருள்களின் காரியாலயம்

திருட்டுப் பொருளை வாங்குவோர் மீதும் சட்டம் கடுமையான காலம் அது. ஆகவே திருடனுக்குப் பொருளை விற்பது கடினமாயிற்று. விற்றாலும் அற்ப விலையே கிடைத்தது. வைல்டு ஒரு புது வழி கண்டான். திருட்டுப் பொருளை அவன் வாங்கவில்லை, விற்கவில்லை, வீட்டில் வைத்துக்கொள்ளவும் இல்லை. பொருள் எங்கே இருக்கிறது என்பது மட்டும் அவனுக்குத் தெரியும். ஓல்டு பெய்லி நீதிமன்றத்துக்கு அருகிலேயே ஒரு காரியாலயம் திறந்தான். பறிகொடுத்தவர்கள் அங்கே வந்து ஐந்து ஷில்லிங் கட்டி விவரத்தைப் பதிவு செய்வார்கள். சில நாட்களில் பொருள் கிடைக்கும். அவர்கள் மனமுவந்து ஒரு தொகையும் அளிப்பார்கள். அந்தத் தொகையில் ஒரு பங்கு திருடனுக்கு, மற்றது வைல்டுக்கு. புதிதாகப் பெருகியிருந்த செய்தித்தாள்களிலும் காணாமற்போன பொருள்கள் பற்றி விளம்பரம் செய்தான்.

பணப்பையையும் கடிகாரத்தையும் திரும்பப் பெற்றவர்கள் அவனை வாழ்த்தினர். நாளேடு படித்தவர்கள் அவனைப் பாராட்டினர். வாளும் வெள்ளிப்பூண் கோலும் ஏந்தி, கனவானைப் போல் வீதியில் உலாவினான். பிரிட்டன், அயர்லாந்து ஆகிய நாடுகளின் திருடர்பிடித் தலைவன் என்று தனக்குத் தானே பட்டம் சூட்டிக்கொண்டான். 1720ஆம் ஆண்டில் அரசரின் ஆலோசனை மன்றமே, கொள்ளையைத் தடுக்க வழி யாது என்று அவனிடம் கேட்டது! பரிசை உயர்த்துவதே வழி என்று அவன் கூறினான். இலண்டன் சுற்றுப்புறத்தில் நடக்கும் தெருக்கொள்ளைக்கு, பழைய 40 பவுனுடன் மேலும் 100 பவுன் சேர்த்து அறிவிப்பு வந்தது. 140 பவுன்! ஆட்டுக்குட்டிக்கு விலை ஏற்றும்படி கசாப்புக்காரன் கேட்டான், ஏற்றிக் கொடுத்தார்கள்.

காட்டிக்கொடுப்போர் சந்தை

வைல்டின் உண்மையான வலிமை எதில் இருந்தது? வாளில் அன்று, கூட்டாளியின் வாக்குமூலத்தில் இருந்தது. தனக்கு அடங்கி நடந்த திருடனை அவன் காத்தான். அடங்காதவனையும், பங்கு கேட்டு முறைத்தவனையும், இனிப் பயன்படாதவனையும் பிடித்துக் கொடுத்தான். பிடித்தவனைத் தண்டிக்கச் சாட்சி வேண்டுமே? அவனோடு சேர்ந்து திருடிய ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தினான். உயிருக்கு அஞ்சியவன் எதைத்தான் சொல்ல மாட்டான்?

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு ஜோசப் பிளேக் என்ற இளைஞன். நீலத்தோலன் என்று பொருள்படும் புளூஸ்கின் என்பது அவனுடைய பட்டப்பெயர். சிறு வயதிலேயே வைல்டின் வலையில் விழுந்தவன். 1722ஆம் ஆண்டின் இறுதியில் வைல்டு அவனைப் பிடித்தான். பிளேக் எதிர்த்துப் போராடிக் காயமுற்றான். பின்னர் தான் செய்த தெருக்கொள்ளைகளை ஒப்புக்கொண்டு, உடனிருந்த கூட்டாளிகளின் பெயர்களையும் சொன்னான். லெவி, ஓக்கி, ஃபிளட் என்ற மூவர் அவன் சாட்சியத்தால் தண்டனை பெற்று, 1723 பிப்ரவரியில் தூக்கிலிடப்பட்டனர். ஆனால் பிளேக் தானாக வந்து சரணடையவில்லை, பிடிபட்ட பிறகே பேசினான் என்று காரணம் காட்டி அவனை விடுதலை செய்யவில்லை. உயிர் தப்பியது, சிறைக் கதவு திறக்கவில்லை. நன்னடத்தைக்குப் பிணை கிடைத்து அவன் வெளியே வர 1724ஆம் ஆண்டு ஆயிற்று.

குற்றம் சாட்டப்பட்டவனின் நிலையையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். அக்காலத்தில் கொள்ளை வழக்கில் நிற்பவனுக்காக வழக்கறிஞர் வாதாடும் வழக்கம் இல்லை. எழுத்தறியாத ஏழை ஒருவன், சில நிமிடங்களே நடக்கும் விசாரணையில், தனக்கு எதிராகச் சொல்லப்படும் சொல்லைத் தானே மறுத்து உயிரைக் காத்துக்கொள்ள வேண்டும். எதிரே நிற்கும் சாட்சிக்கோ இவன் தொங்கினால்தான் வாழ்வு.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் கோர்ட்டுப் படி ஏறுவதைவிடத் தோற்றுப்போவது மேல் என்பார்கள். குற்றம் செய்தவர்கள் அல்லர் அவர்கள். அங்கே பேசும் பேச்சு தமக்குப் புரியாது, தம் பேச்சு அங்கே எடுபடாது என்ற அச்சம்தான் காரணம். இருநூற்று ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக முன்னர் வேற்று நாட்டுக் கூண்டில் நின்றவர்களைப் பற்றிப் படித்தபோது, அந்த அச்சம் எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

புளூஸ்கின் வீசிய கத்தி

சிறையிலிருந்து வந்த பிளேக், ஜாக் ஷெப்பர்டு என்பவனுடன் சேர்ந்தான். ஷெப்பர்டு தச்சுத் தொழில் பயின்ற இருபத்திரண்டு வயது இளைஞன். திருடன்தான், ஆனால் வைல்டுக்குப் பணிய மறுத்த திருடன். 1724ஆம் ஆண்டில் மட்டும் நான்கு முறை காவலிலிருந்து தப்பினான். புகழ்பெற்ற நியூகேட் சிறையின் கனத்த கதவுகளும் அவனைத் தடுக்கவில்லை. நகர மக்கள் அவனை ஒரு வீரனாகவே கருதத் தொடங்கினர். ஒருவனைத் திருடன் என்று தெரிந்தும் மக்கள் போற்றுகிறார்கள் என்றால், அவனைத் துரத்துகிறவனை அவர்கள் எவ்வளவு வெறுத்திருக்க வேண்டும்!

அந்த ஆண்டு ஜூலையில் நீபோன் என்ற துணி வணிகரின் வீட்டில் நடந்த திருட்டுக்காக ஷெப்பர்டும் பிளேக்கும் அடுத்தடுத்துப் பிடிபட்டனர். வைல்டின் ஆளான வில்லியம் ஃபீல்டு என்பவன், அத்திருட்டில் தானும் உடனிருந்ததாகச் சாட்சி சொன்னான். அவன் கூற்று ஒன்றுக்கொன்று முரண்பட்டது, இருப்பினும் ஏற்கப்பட்டது. கூட்டாளியின் சொல்லால் மூவரைத் தூக்குக்கு அனுப்பிய பிளேக், இப்போது கூட்டாளி என்று சொல்லிக்கொண்டவனின் சொல்லால் தானே தூக்குக்குப் போனான்.

அக்டோபரில் வழக்குக்காக ஓல்டு பெய்லியில் காத்திருந்தபோது, தனக்கு உதவுமாறு பிளேக் வைல்டிடம் வேண்டினான். வைல்டு கை விரித்தான். அடுத்த நொடி பிளேக்கின் கையில் இருந்த பேனாக்கத்தி வைல்டின் கழுத்தில் பாய்ந்தது. வைல்டு பிழைத்துக்கொண்டான், ஆயினும் பல வாரங்கள் படுக்கையில் கிடந்தான். நவம்பர் 11 அன்று பிளேக்கும் 16 அன்று ஷெப்பர்டும் டைபர்ன் என்ற இடத்தில் தூக்கிலிடப்பட்டனர். எனினும் அந்தக் கத்தி வீச்சுக்குப் பின் வைல்டின் பிடி தளர்ந்தது. அவனுக்கு அஞ்சி வாய் மூடியிருந்தவர்கள் மெல்லப் பேசத் தொடங்கினர்.

வினை விதைத்தவன்

1725 பிப்ரவரியில், தன் ஆள் ஒருவனைக் காவலிலிருந்து தப்பவைத்த குற்றத்துக்காக வைல்டு கைது செய்யப்பட்டு நியூகேட்டில் அடைக்கப்பட்டான். அவனுடைய ஆட்களே ஒருவர்பின் ஒருவராக அவனுக்கு எதிராகத் திரும்பினர். ஸ்டெதம் என்ற அம்மையாரின் கடையிலிருந்து ஜனவரி மாதத்தில் ஒரு பெட்டி லேஸ் துணி திருட்டுப் போயிருந்தது. அதைத் திருடிய கெல்லி என்பவனும் மர்ஃபி என்பவளும், வைல்டின் தூண்டுதலால்தான் செய்தோம் என்று நீதிமன்றத்தில் சாட்சி கூறினர். கூட்டாளிகளின் வாக்குமூலத்தையே மூலதனமாகக் கொண்டு வாழ்ந்தவன், கூட்டாளிகளின் வாக்குமூலத்தின் முன் கூண்டில் நின்றான்.

மே 15 அன்று விசாரணை. தான் பிடித்துக் கொடுத்துத் தண்டனை பெற்றவர்களின் பட்டியல் ஒன்றை அச்சிட்டு அவன் வழங்கினான். வழிப்பறிக்காரர் 35 பேர், வீடு புகுந்து திருடியவர் 22 பேர், நாடுகடத்தலிலிருந்து திருட்டுத்தனமாகத் திரும்பி வந்தவர் 10 பேர். ஆக 67 பேர். அதைப் படித்தால் மனம் இரங்குவார்கள் என்று நம்பினான் போலும். அந்த 67 பேரில் எத்தனை பேர் அவனுக்கே உழைத்தவர்கள் என்ற எண்ணம்தான் மற்றவர்களுக்கு எழுந்தது.

கடைக்குள் அவன் கால் வைக்காததால் திருட்டுக் குற்றச்சாட்டிலிருந்து தப்பினான். ஆனால் சிறையில் இருந்துகொண்டே, மார்ச் 10 அன்று, அந்த அம்மையாரிடம் 10 கினி பெற்றுக்கொண்டு பொருள் திரும்பக் கிடைக்கச் செய்திருந்தான். திருடனைப் பிடித்துக் கொடுக்காமல் இவ்வாறு பணம் பெறுவது, அத்திருட்டைச் செய்ததற்கு ஒப்பான குற்றம் என்று 1718ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. அந்தப் பகுதியை மக்கள் ஜானதன் வைல்டு சட்டம் என்றே அழைத்து வந்தனர். ஏழாண்டுகளாகத் தன் பெயரைத் தாங்கி நின்ற சட்டத்திலேயே அவன் சிக்கினான்.

1725 மே 24 அன்று டைபர்னில் அவன் தூக்கிலிடப்பட்டான். முந்திய இரவு அபினிக் கரைசலை அளவுமீறிக் குடித்திருந்ததால் அரைமயக்கத்தில்தான் வண்டியில் கொண்டுபோகப்பட்டான். வழிநெடுகக் கூடிய பெருங்கூட்டம் அவன்மேல் கல் எறிந்தது. அவன் எலும்புக்கூடு இன்றும் இலண்டன் அறுவை மருத்துவர் கல்லூரியின் ஹண்டேரியன் அருங்காட்சியகத்துக்கு உரிய பொருளாக இருக்கிறது.

கதை முடிந்ததா?

வைல்டு இறந்தான், அவனை உருவாக்கிய விலைப்பட்டியல் இறக்கவில்லை. ஜான் கே என்ற கவிஞர் 1728இல் எழுதிய பிச்சைக்காரர் இசைநாடகத்தில், அவனை நினைவூட்டும் ஒரு பாத்திரத்தை மக்கள் கண்டு சிரித்தனர். ஹென்றி ஃபீல்டிங் 1743இல் அவனை நாயகனாக்கி ஓர் அங்கத நாவல் எழுதினார். சிரிப்பு ஒருபுறம் இருக்க, பரிசுத் தொகை தொடர்ந்தது. 1754ஆம் ஆண்டில் மக்டேனியல் என்பவனின் கூட்டம், பரிசுக்காகவே அப்பாவி இளைஞர்கள் மீது கொள்ளைப் பழி சுமத்திவந்தது வெளியாயிற்று. அது வெளியாகும் முன்பே, அந்த ஆண்டு பிப்ரவரியில், ஜோஷ்வா கிடன் என்பவர் செய்யாத குற்றத்துக்காகத் தூக்கில் தொங்கிவிட்டார்.

மெல்ல மெல்லத்தான் ஓட்டை அடைக்கப்பட்டது. நாவல் எழுதிய அதே ஃபீல்டிங், நீதிபதியாகி, 1749இல் போ தெருவில் ஒரு சிறு காவல் படையை அமைத்தார். பாராளுமன்றம் 40 பவுன் பரிசை 1818இல் ஒழித்தது. 1829இல் ராபர்ட் பீல் இலண்டனுக்குச் சம்பளம் பெறும் போலீசுத் துறையைத் தந்தார். குற்றம் சாட்டப்பட்டவருக்காக வழக்கறிஞர் முழுமையாக வாதாடும் உரிமை 1836இல் வந்தது. கூட்டாளியின் சொல்லை வேறு சான்று இன்றி நம்புவது ஆபத்து என்ற எச்சரிக்கையும் நீதிமன்றங்களில் வேரூன்றியது.

அந்த எச்சரிக்கை கடல் கடந்து நம் நாட்டுக்கும் வந்தது. நாளிதழ்களில் அப்ரூவர் என்று நாம் படிக்கும் சொல் இதைச் சார்ந்ததே. குற்றத்தில் பங்குகொண்டவனின் சாட்சியத்தை முக்கியமான விவரங்களில் வேறு சான்று உறுதிப்படுத்தாவிட்டால் அது நம்பத்தகாதது என்று நீதிமன்றம் கருதலாம் என 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் கூறியது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய சாட்சியச் சட்டமும், உறுதிப்படுத்தப்பட்ட சாட்சியம் என்ற சொல்லையே பயன்படுத்துகிறது. அந்த ஒரு சொல்லுக்குப் பின்னே எத்தனை தூக்குமரங்கள் நிற்கின்றன என்பதை எண்ணும்போது மெய் சிலிர்க்கிறது.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் முதல் நாள் கற்பிக்கும் பாடம் ஒன்று உண்டு. தராசை முதலில் சமன்செய். பிறகு எடை போடு. ஒருமுறை வந்த அளவை நம்பாதே; மறுமுறையும் செய்து ஒப்பிட்டுப் பார். வைல்டின் காலத்து நீதித் தராசு சமன் செய்யப்படவில்லை. ஒரு தட்டில் முன்கூட்டியே 40 பவுன் வைக்கப்பட்டிருந்தது. அந்தத் தராசில் நிறுத்தால் உண்மையின் எடை எப்படித் தெரியும்?

வைல்டு கொடியவன் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவனைத் தூக்கிலிட்டதோடு தீமை தொலைந்தது என்று எண்ணிய இலண்டன் மக்கள் ஏமாந்தனர். வேலி பயிரை மேய்ந்தது என்று வேலியை மட்டும் பிடுங்கி எறிந்தால் போதாது. அப்படிப்பட்ட வேலியை நட்டது யார் என்றும் கேட்க வேண்டும். குற்றத்தைக் கண்டு அஞ்சும் சமுதாயம், விரைவாக யாரையேனும் தண்டித்துவிட்டால் போதும் என்று துடிக்கும். அந்தத் துடிப்புக்கு நடுவே, இந்தச் சொல்லால் சொல்கிறவனுக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்கும் ஒரு குரலாவது இருக்க வேண்டும். படித்தவர்கள் என்று பெயர் எடுக்கப்போகும் நாம், அந்தக் குரலாக இருப்போமாக!